கஷாயம் காய்ச்சியவர்கள்

2017 அக்டோபரில் மண்ணூர்பேட்டையில் எங்கள் தெரு முழுக்க நிலவேம்பு வாடை. கட்சிக்காரர்களும் ரசிகர் மன்றத்தினரும் அண்டா வைத்து ஊற்றினார்கள். வீடுகளில் பெண்கள் காய்ச்சினார்கள்.

நிலவேம்புக் குடிநீரில் நிலவேம்பு மட்டுமல்ல, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என ஒன்பது சரக்கு உண்டு. சித்த மருத்துவம் சுரத்துக்குச் சொன்ன இந்தக் கஷாயம் 2006 சிக்குன்குனியா காலத்தில் தெருவுக்கு வந்தது. 2012 டெங்குவின்போது பப்பாளி இலைச் சாறோடு சேர்த்து அரசே கையில் எடுத்தது. 2017இல், ஆய்வு முடியும்வரை விநியோகிக்க வேண்டாம் என்று கமல்ஹாசன் தன் நற்பணி இயக்கத்தாரைக் கேட்டுக்கொண்டார். உடனே சித்தாவா அலோபதியா என்று சண்டை மூண்டது. ஆய்வு கேட்பது மரபுக்கு அவமதிப்பு என்றார்கள். சீனாவின் தூ யூயூ பழைய மருத்துவ நூலில் பிடித்த நூலைக்கொண்டுதான் 1972இல் மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினினைப் பிரித்தெடுத்தார், அதுவும் ஆய்வுக்கூடத்தில்தான்.

இந்தச் சண்டையில் அடுப்படியை யாரும் எட்டிப்பார்க்கவில்லை. 200 மில்லி தண்ணீர் 50 மில்லியாக வற்றும்வரை அடுப்பருகே நிற்க வேண்டும். வைத்துக் குடிக்கக் கூடாது, வேளைக்கு வேளை புதிதாகக் காய்ச்ச வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவோ பகலில் கடிப்பது, வீட்டில் தேக்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடுவது. குழாயில் தினமும் தண்ணீர் வராத ஊரில் டிரம்மில் பிடித்து வைப்பது யார் வேலை? புழு இருந்தால் அபராதம் என்று வந்தவர்களுக்குப் பதில் சொன்னதும் வீட்டுப் பெண்தான். டிரம்முக்குள் டார்ச் அடித்துப் பார்த்தவரும் ஒரு பெண். தினக்கூலிக்கு வந்த தற்காலிகப் பணியாளர்.

பக்கத்து வீட்டு அக்கா தொழிற்பேட்டையில் தையல் வேலை பார்த்தார். நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. "கஷாயம் கேட்டுடுச்சு" என்றார் அம்மா. அன்று தண்ணீர் வரும் நாள். அக்கா எழுந்து குடம் தூக்கினார். சாயங்காலம் வயிற்றுவலி, வாந்தி, மயக்கம். டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது. ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழும். நுண்ணறிவெல்லாம் வேண்டாம், அந்த இரண்டு நாள் படுத்திருந்து கவனிக்கப்பட வேண்டும். அதுதான் பெண்களுக்குக் கிடைப்பதில்லை. வீட்டில் யாருக்குக் காய்ச்சல் விட்டாலும் படுக்கையைவிட்டு முதலில் எழுப்பப்படுபவள் அவள்.

ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றி அக்கா பிழைத்து வந்தார்.

அடுத்த வருஷமும் அம்மா கஷாயம் காய்ச்சினார். ஆனால் காய்ச்சல் விட்ட அன்று யாரையும் குடம் தொட விடவில்லை. அண்ணனை அனுப்பினார்.