உறையாத திரை: கணினி வரலாற்றில் ஒரு பகுதி

கெடா மாநிலத் தோட்டங்களில் பால் நிறுக்கும் கொட்டகையின் ஒழுங்கைக் கண்டவர்கள் ஒன்றை அறிவர். பால்மரம் வெட்டுவோர் வாளிகளுடன் வரிசையில் நிற்பர். கிராணியார் பாலை நிறுத்து எடையை ஏட்டில் பதிவார். ஒவ்வொருவர் பாலிலும் சிறிது மாதிரி எடுத்து ஒதுக்கி வைப்பார். அம்மாதிரியை உறையவைத்து, உலர்த்தி, காய்ந்த ரப்பரின் விழுக்காட்டைக் காண்பது நெடுநேரப் பணி. அது பின்னர், வேறோரிடத்தில் நடைபெறும். அப்பணி முடியும்வரை வரிசையை நிறுத்தியிருந்தால் கடைசியில் நிற்பவர் அன்று வீடு திரும்பியிருக்க மாட்டார். இந்த எளிய ஒழுங்கை மேசைக் கணினி கற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆயிற்று.

1950களில் கணினி ஒரு நேரத்தில் ஒரு பணியையே ஏற்றது. துளையிட்ட அட்டைக் கட்டை ஒப்படைத்தவர், அதில் சிறு பிழை இருந்தாலும், மணிக்கணக்கில் காத்திருந்தே அதனை அறிந்தார். 1961இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கார்பட்டோ குழுவினர் காலப்பகிர்வு முறையை இயக்கிக் காட்டினர். மையச் செயலகத்தின் நேரத்தை நொடியின் சிறு கூறுகளாக்கிப் பலருக்கும் மாறி மாறி வழங்கும் முறை அது. ஒருவரின் கணக்கு நீண்டாலும் மற்றவரின் தட்டச்சுக்கு விடை வந்தது.

வியப்பு யாதெனில், மேசைக் கணினி பெருகிய காலத்தில் இப்பாடம் கைவிடப்பட்டதே. சிறிய பொறிக்கு அது தாங்கொணாச் சுமையெனக் கருதினர். மலேசியரான முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைத் தொடங்கிய 1985ஆம் ஆண்டில் பெரும்பாலான மேசைக் கணினிகள் ஒரு நேரத்தில் ஒரே நிரலைத்தான் இயக்கின. 1992இல் வந்த விண்டோஸ் 3.1 பல நிரல்களை ஏற்றது. ஆயினும், இயங்கிக்கொண்டிருக்கும் நிரல் தானாக விட்டுக்கொடுத்தால்தான் அடுத்ததற்கு இடம். ஒன்று அடம்பிடித்தால் திரை முழுதும் உறைந்தது. மணற்கடிகாரம் மட்டும் எஞ்சியது. 1995 ஆகஸ்டில் வெளியான விண்டோஸ் 95, புதிய 32 பிட் நிரல்களுக்கு நேரத்தைத் தானே அளந்து கொடுத்தது. மெக்கிண்டாஷ் பயனர்கள் இவ்வசதிக்கு 2001 வரை காத்திருந்தனர்.

அதனாலும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. ஒரு நிரல் மற்றொன்றை முடக்குவது நின்றதே தவிர, தன்னைத்தானே முடக்கிக்கொள்வது நிற்கவில்லை. சாளரத்தில் நிகழும் சொடுக்கு, தட்டச்சு, திரையைப் புதிதாய் வரைதல் ஆகிய அனைத்தும் ஒரே வரிசையில் நின்று, ஒரே இழையால் ஒவ்வொன்றாகக் கவனிக்கப்படுகின்றன. இழை என்பது நிரலுக்குள் தனித்து ஓடும் ஒரு பணித்தொடர். மாணவர் அனைவரின் மதிப்பெண் அறிக்கையையும் ஆக்கும் பொத்தானை அழுத்தியதும் அவ்விழையே கணக்கில் இறங்கிவிட்டால், ‘நிறுத்து’ என்னும் பொத்தானும் வரிசையில் காத்துக்கிடக்கும். விண்டோஸ் எக்ஸ்பி, 5 நொடி பேசாதிருக்கும் சாளரத்தின் தலைப்பில் ‘பதிலளிக்கவில்லை’ என்று எழுதியது. நிரலோ இறக்கவில்லை, உள்ளே உழைத்துக்கொண்டிருந்தது.

2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கியபோது, அப்பாட ஆசிரியர்களுக்கு அரசு மடிக்கணினி வழங்கியது. கூலிம், பாடாங் செராய், பீடோங் வட்டாரத் தோட்டப் பள்ளிகளுக்கும் உறைந்த திரை அறிமுகமாயிற்று. பொறி செத்தது என்றெண்ணி மின்சாரத்தைத் துண்டித்தால், பாதி எழுதப்பட்ட கோப்பு சிதையும். ஒரு பிற்பகலின் உழைப்பு மறையும். பழியோ, ‘கணினி தெரியாதவர்’ என்று ஆசிரியர் மேல் விழும். நிரல் எழுதியவரின் குறை அது என்பதைச் சொல்வார் இலர்.

குறையை நீக்கும் வழி, கிராணியார் மாதிரியை ஒதுக்கி வைத்த வழியேயாகும். நெடும்பணியைத் தனி இழையிடம் ஒப்படைக்க வேண்டும். முதல் இழை வரிசையைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். எல்லா இழைகளும் திரையைத் தொடலாமா எனின், கூடாது. ஒரே பலகையில் இருவர் ஒருசேர எழுதினால் எழுத்து குழம்பும். ஒருவருக்காக மற்றவர் காத்து இருவருமே அசையாது நிற்பதும் உண்டு. 1998இல் நிறைவடைந்த ஜாவாவின் ஸ்விங் தொகுதி, திரையை ஒரே இழைதான் தொடலாம் என்பதை விதியாகவே கொண்டது. பணியிழை செய்தி மட்டும் அனுப்பும். அதனையும் ஒவ்வொரு மாணவருக்கும் ஒன்றென அனுப்பினால், செய்திகளின் நெரிசலே திரையை உறைய வைத்துவிடும்! நிறுத்தும் கட்டளை வந்தால், எழுதிக்கொண்டிருக்கும் பதிவை முடித்த பிறகே பணியிழை ஓய வேண்டும். நடுவில் வெட்டினால் கோப்பு கெடும்.

எவ்வளவு தாமதம் பொறுக்கத்தக்கது? ஜேக்கப் நீல்சன் 1993இல் தொகுத்துரைத்த அளவுகள் இன்றும் எடுத்தாளப்படுகின்றன. 0.1 நொடிக்குள் விடை வந்தால் உடனடி எனத் தோன்றும். 1 நொடி வரை எண்ண ஓட்டம் அறாது. 10 நொடியைக் கடந்தால் மனம் வேறு வேலைக்குப் போய்விடும். ஆகவே நீண்ட பணிக்கு எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை இன்றியமையாதது.

அறிவுரையாக இருந்த இவ்விதி, கைப்பேசிக் காலத்தில் கட்டளையாக இறுகியது. 2011இல் வந்த ஆண்ட்ராய்டு 3.0 பதிப்புக்கென எழுதப்பட்ட நிரல், முதன்மை இழையிலேயே வலைத்தொடர்பைத் தொடங்கினால், இயங்குதளம் அதனை மறுத்துப் பிழை எழுப்பியது.