ஒருவர் சொன்ன ‘இல்லை’

(விவாதத் தலைப்பு: சட்டசபை விதிமுறைகள் மக்களுக்குத் துணையா, முட்டுக்கட்டையா? ‘துணையே’ என்ற அணியில் பேசியது.)

    

எனக்கு முன்னால் பேசின எதிரணித் தம்பி ரொம்ப அழகாப் பேசினாரு. “சட்டசபைன்னா என்னங்க? ஒருத்தர் எழுந்து ஒழுங்குப் பிரச்சினைம்பாரு. இன்னொருத்தர் நோட்டீஸ் கொடுக்கலைம்பாரு. சபாநாயகர் உட்காருங்க உட்காருங்கம்பாரு. அதுக்குள்ளே மத்தியானச் சாப்பாட்டு மணி அடிச்சுடும். இதுல ஜனங்களுக்கு என்ன பிரயோஜனம்?” அப்படின்னு கேட்டாரு. நீங்க எல்லாரும் கை தட்டினீங்க. எந்த அணியில் இருக்கோம்கிற நினைப்பே இல்லாம நானும் தட்டிட்டேன். (சிரிப்பு)

தம்பி சொன்ன மூணு சாமானையும் நான் எடுத்துக்கறேன். நோட்டீஸ், ஒழுங்குப் பிரச்சினை, சாப்பாட்டு மணி. இந்த மூணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் ஒரு தேசத்தின் அரசியல் சட்டத் திருத்தத்தையே நிறுத்தியிருக்கிறார். கனடா நாட்டில், மானிடோபா என்கிற மாகாணத்தில், 1990-ஆம் வருஷம் ஜூன் மாதம் நடந்தது.

முதலில் விஷயம் என்னன்னு சொல்லிடறேன். 1982-ல் கனடா தன் அரசியல் சட்டத்தை பிரிட்டனிலிருந்து தன் கைக்கே கொண்டுவந்தது. பிரெஞ்சு பேசுகிற குயூபெக் மாகாணம் மட்டும் அதற்குச் சம்மதிக்கவில்லை. கல்யாண வீட்டில் ஒரு சம்பந்தி கோபித்துக்கொண்டு வாசலிலேயே நிற்கிற மாதிரி. அவரைச் சமாதானம் பண்ணி உள்ளே அழைத்துவர, 1987 ஏப்ரல் 30-ஆம் தேதி பிரதமர் மல்ரோனியும் பத்து மாகாண முதல்வர்களும் மீச் ஏரிக் கரையில் ஒரு வீட்டில் உட்கார்ந்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். குயூபெக் ஒரு தனித்தன்மை உள்ள சமுதாயம் என்று அரசியல் சட்டத்தில் எழுதுவது அதில் முக்கியமான அம்சம். பத்து மாகாணச் சபைகளும் இதை நிறைவேற்ற வேண்டும். கெடு 1990 ஜூன் 23.

நல்ல காரியந்தானே? நானும் நல்ல காரியம்னுதான் சொல்றேன். குயூபெக் மக்களுடைய மனக்குறையில் நியாயம் இருந்தது. ஆனா அந்தக் கல்யாண வீட்டில் இன்னொருத்தரும் வாசலில் நின்னுக்கிட்டிருந்தாரு. அவரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கல. அவர்தான் அந்த மண்ணின் பூர்வகுடி.

ஒரு கணக்குச் சொல்றேன், கேளுங்க. பூர்வகுடிகளின் உரிமைகளை அரசியல் சட்டத்தில் தெளிவாக எழுதணும்னு பிரதமரும் முதல்வர்களும் பூர்வகுடித் தலைவர்களோடு நான்கு மாநாடு நடத்தினார்கள். 1983, 84, 85, 87. நாலாவது மாநாடு 1987 மார்ச் மாதம் முடிவில்லாமல் கலைந்தது. மறு மாதமே அதே பிரதமர் ஏரிக்கரையில் உட்கார்ந்து ஒரே நாளில் குயூபெக்கோடு உடன்பாடு கண்டுவிட்டார். அதில் பூர்வகுடிகளுக்கு என்று எந்த உரிமையும் இல்லை. கனடாவை உண்டாக்கியவர்கள் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் என்கிற பழைய பேச்சே மறுபடி. ஆயிரக்கணக்கான வருஷமா அங்கேயே இருக்கிறவன் வயிறு எரியுமா, எரியாதா?

மூணு வருஷம் ஓடிப்போச்சு. 1990 ஜூன் மாதம் முதல்வர்களை எல்லாம் ஒட்டாவாவுக்கு வரவழைத்து, ஒரு வாரம் விடிய விடியப் பேசி, 9-ஆம் தேதி கையெழுத்து வாங்கினார்கள். கெடுவுக்கு இரண்டே வாரம். பகடை உருட்ட வேண்டிய நாளை முன்பே குறித்து வைத்திருந்ததாகப் பிரதமர் ஒரு பத்திரிகைப் பேட்டியில் சொல்லிவிட்டார். பரீட்சைக்கு முதல்நாள் ராத்திரி புஸ்தகத்தைத் திறக்கிற பிள்ளையை நம்ம வீட்டில் பார்த்திருக்கோம். வேணும்னே முதல்நாள் ராத்திரி வரைக்கும் திறக்காம வைச்சிருந்தேன்னு பெருமையாச் சொல்ற பிள்ளையை அங்கேதான் பார்க்கலாம். (சிரிப்பு)

ஜூன் 12, செவ்வாய்க்கிழமை. வின்னிபெக் நகரில் மானிடோபா சட்டசபை. மொத்தம் 57 இடங்கள். முதல்வர் கேரி ஃபில்மன் எழுந்திருக்கிறார். தீர்மானத்தைச் சபையில் வைக்கணும்னா இரண்டு நாள் முன்னால் நோட்டீஸ் கொடுக்கணும் என்பது விதி. அந்த இரண்டு நாளுக்கு நேரமில்லை. அதனால், விதியை ஒதுக்கிவிட்டு இப்போதே எடுத்துக்கொள்ளச் சபை ஒருமனதாக அனுமதிக்க வேண்டும் என்று கேட்கிறார். தப்பில்லை, எல்லாச் சபையிலும் இப்படிக் கேட்பது உண்டு. மூன்று கட்சித் தலைவர்களும் ஒப்புக்கொண்டாச்சு. சபாநாயகர் “சம்மதமா?” என்று கேட்க வேண்டியது, எல்லாரும் தலையாட்ட வேண்டியது. அவ்வளவுதான் பாக்கி.

‘ஒருமனதாக’ என்றால் என்ன அர்த்தம்? ஒருத்தர் இல்லைன்னாலும் இல்லைதான்.

அந்த ஒருத்தர் எழுந்தார். பெயர் எலைஜா ஹார்ப்பர். வயசு 41. வடக்கே ரெட் சக்கர் லேக் என்கிற சின்ன ஊரில் பிறந்தவர். சின்ன வயசிலேயே பெற்றோரிடமிருந்து பிரித்து, பூர்வகுடிப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளிகளில் போட்டு வளர்க்கப்பட்டவர். அவருடைய ஜனங்களில் பெரும்பாலானவர்களுக்குக் கனடாவின் தேசியத் தேர்தலில் ஓட்டுரிமை கிடைத்ததே 1960-ல்தான். அப்போ இவருக்குப் பதினோரு வயசு. முப்பது வயசு ஆவதற்குள் ஊருக்குத் தலைவரானார். 1981-ல் சட்டசபைக்கு வந்தார். கையில் ஒரு கழுகு இறகு. அவர்கள் மரபில் அது புனிதமான பொருள். உரக்கக்கூடப் பேசவில்லை. “இல்லை, சபாநாயகர் அவர்களே.” முடிந்தது.

அவர் கட்சித் தலைவரே உடன்பாட்டுக்குச் சம்மதம் சொன்னவர். தன் தலைவருக்கும் சேர்த்துத்தான் ஹார்ப்பர் இல்லை என்றார். அடுத்தடுத்த நாளும் கேட்டார்கள். அடுத்தடுத்த நாளும் இல்லை.

சரி, இரண்டு நாள்தானே, முறைப்படி நோட்டீஸே கொடுத்துடலாம்னு அரசு வந்தது. இங்கேதான் தம்பி சொன்ன இரண்டாவது சாமான். ஹார்ப்பர் ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார்: அந்த நோட்டீஸே விதிப்படி கொடுக்கப்படவில்லை. சபாநாயகர் டெனிஸ் ரோக்கன் யாருன்னு நினைக்கறீங்க? ஆளுங்கட்சிக்காரர். முதல்வருடைய சொந்தக் கட்சி. நாடே பரபரத்துக்கிட்டு இருக்கு, ஒவ்வொரு நாளும் பொன்னு. அந்த நேரத்தில் ஆளுங்கட்சிச் சபாநாயகர் விதிப் புஸ்தகத்தைப் பார்த்து, ஹார்ப்பர் சொல்வது சரி, மறுபடி முதலிலிருந்து நோட்டீஸ் கொடுங்கள் என்று தீர்ப்புச் சொன்னார். (கைதட்டல்)

ஹார்ப்பருக்குக் கைதட்டறீங்க, சரி. எனக்கு என்னவோ அந்த ரோக்கன் மேலேதான் மரியாதை ஜாஸ்தி. இல்லைன்னு சொல்றவனுக்குப் பின்னால் அவன் ஜனங்கள் நிற்பாங்க. சொந்தக் கட்சிக்கு எதிராத் தீர்ப்புச் சொல்றவனுக்குப் பின்னால் யாருங்க நிற்பா?

நடுவிலே மத்திய அரசு ஓடி வந்தது. தூதுக்குழு வின்னிபெக்குக்கு வந்து பூர்வகுடித் தலைவர்களிடம் ஆறு அம்சத் திட்டம் ஒன்றைக் கொடுத்தது. தலைவர்கள் ஏற்கவில்லை. தீர்மானம் ஒருவழியாகச் சபைக்குள் நுழைந்தபோது இன்னொரு விதி காத்திருந்தது. அரசியல் சட்டத் திருத்தம் என்றால் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபிறகே மானிடோபா சபை ஓட்டெடுக்க முடியும். பேசணும்னு பெயர் கொடுத்தவர்கள் மூவாயிரம் பேருக்கு மேல்! ஆளுக்கு ஐந்து நிமிஷம்னாலும் நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

ஜூன் 22, வெள்ளிக்கிழமை. கெடுவுக்கு முதல் நாள். வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரைக்குச் சபை முடியணும் என்பது விதி. நேரத்தை நீட்டிக்கலாமா என்று கேட்டார்கள். அதற்கும் ஒருமனதான சம்மதம் வேணும். ஹார்ப்பர் இல்லை என்றார். சபை கலைந்தது. மூன்றாவது சாமான், தம்பி! உங்க சாப்பாட்டு மணி! (சிரிப்பு, கைதட்டல்)

அன்றைக்கே நியூஃபவுண்ட்லாந்து சபையும் ஓட்டெடுப்பு நடத்தாமல் ஒத்திவைத்துக்கொண்டது. மறுநாள் உடன்பாடு செத்தது.

இப்போ எதிரணியிலிருந்து அம்மா எழுந்து கேட்பாங்க, எனக்குத் தெரியும். அவங்க சீட்டில் எழுதிக்கிட்டு இருக்கறதைப் பார்த்துட்டேன். “அதனால குயூபெக் கோபம் அதிகமாச்சே? 1995 அக்டோபரில் பிரிந்துபோகலாமான்னு அங்கே வாக்கெடுப்பு நடந்து, வேண்டாம் 50.58 சதவீதம், வேணும் 49.42 சதவீதம்னு மயிரிழையில் நாடு தப்பிச்சதே?” ஆமாம்மா. நடந்தது. ஹார்ப்பரின் ‘இல்லை’க்கு அந்த விலையும் உண்டு. நான் மறைக்க மாட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன்; இது எங்க அணிக்கே பாதகம். இதே மானிடோபா சபையில் 1984-ல், பிரெஞ்சு மொழிக்கு உரிமை தருகிற ஓர் ஏற்பாட்டை அன்றைய அரசு கொண்டுவந்தது. ஓட்டெடுப்புக்கு மணி அடித்தால் உறுப்பினர்கள் உள்ளே வரணும். எதிர்க்கட்சிக்காரர்கள் வரவே இல்லை. வருகிற வரைக்கும் மணி அடிச்சுக்கிட்டே இருந்தது. நிமிஷக் கணக்கில் இல்லீங்க, நாள் கணக்கில்! கடைசியில் அரசு கூட்டத்தொடரையே முடித்துக்கொண்டது. அந்த ஏற்பாடு செத்தது. அந்த எதிர்க்கட்சிக்கு அப்போ தலைவர் யாரு? கேரி ஃபில்மன்! ஆறு வருஷம் கழித்து, விதியைக் கொஞ்சம் ஒதுக்கி வைங்கன்னு கெஞ்சினாரே, அதே ஃபில்மன். அதே விதிப் புஸ்தகம் ஒரு தடவை சிறுபான்மை மொழிக்காரனைத் தடுத்தது. இன்னொரு தடவை அதைவிடச் சிறுபான்மையானவனைக் காப்பாத்தியது. அதனால விதி எப்பவும் நல்லவன் பக்கம்னு நான் சொல்ல வரலை. பணம், பதவி, கூட்டம் எதுவும் இல்லாதவன் கையில் வேற என்னதான் இருக்குன்னு கேட்கறேன்.

எங்க தெருவில் ஒரு பொதுக்கிணறு இருந்துச்சு. அதை மூடிட்டுக் கடை கட்டணும்னு ஒரு கூட்டம் போட்டாங்க. கடைசி வீட்டுப் பாட்டி ஒருத்தங்க, அந்தத் தண்ணியிலேயே இட்லி வியாபாரம் பண்ணினவங்க, எழுந்து கேட்டாங்க: “கூட்டம்னு எனக்கு யாரும் சொல்லலியே தம்பி?” நோட்டீஸ் ஒட்டியிருக்கோம் பாட்டின்னாங்க. எங்கேப்பா ஒட்டினீங்க? ஏற்பாடு பண்ணினவர் வீட்டுத் திண்ணையில். உள்பக்கமா. (சிரிப்பு) நீங்க சிரிக்கறீங்க. அன்னிக்கு நாங்களும் சிரிச்சோம். பாட்டி உட்கார்ந்துட்டாங்க. கிணறு மூடியாச்சு. சிரிச்சவங்களில் நானும் ஒருத்தன்கிறதைத்தான் இத்தனை வருஷமா என்னால மறக்க முடியலை. ரெண்டு நாள் முன்னாலே அவங்க வீட்டுக் கதவைத் தட்டியிருந்தா, அவங்க நாலு பேரைக் கூட்டிக்கிட்டு வந்திருப்பாங்க. இரண்டு நாள் நோட்டீஸ்ங்கறது அவ்வளவுதாங்க.

ஹார்ப்பர் பிறகு 1993-ல் கனடா நாடாளுமன்றத்துக்குப் போனார். 2013 மே மாதம் காலமானார். அவர் ‘இல்லை’ என்று சொன்ன அதே சட்டசபைக் கட்டிடத்தில்தான் மக்கள் அஞ்சலிக்காக அவர் உடலை வைத்திருந்தார்கள். 2023 அக்டோபரில் வாப் கினூ என்கிற பூர்வகுடி மகன் அந்த மானிடோபாவுக்கே முதல்வரானார்.

நடுவர் அவர்கள் மணியில் கை வைத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு நிமிஷம் கேட்கலாம். ஆனால் அதற்கு ஒருமனதான சம்மதம் வேணும். எதிரணித் தம்பி இப்பவே வாயைத் திறந்துவிட்டார். உட்காருகிறேன். (கைதட்டல்)