புலால் மறுத்தலும் அயலார் நட்பும்

தமிழகத்தை விட்டு வேற்று மாநிலங்களில் குடியேறிய நம்மில் பலர்க்கு, வீடு தேடும் நாளிலேயே ஒரு வினா எதிர்ப்படுகின்றது. "நீங்கள் இறைச்சி உண்பவரா?" என்பதே அவ்வினா. அகமதாபாத்திலும் மும்பையின் சில பகுதிகளிலும், நாம் கூறும் விடையைப் பொறுத்தே வீட்டின் கதவு திறப்பதும் மூடுவதும் உண்டு. கொல்கத்தாவிலோ நிலைமை வேறு. அங்கே மீன் வேண்டாமென்று கூறும் விருந்தினரைக் கண்டு வீட்டார் திகைப்பர். இட்டிலிக்கும் தோசைக்கும் பெயர் பெற்ற உணவு விடுதிகளை மட்டும் கண்டு, தமிழர் அனைவரும் மரக்கறி உண்பவரே என்று எண்ணும் வட இந்தியரும் பலர். உண்மை அதற்கு மாறானது. 2014-ஆம் ஆண்டில் இந்தியத் தலைமைப் பதிவாளர் அலுவலகம் எடுத்த மாதிரிக் கணக்கின்படி, 15 வயதும் அதற்கு மேலும் உடையவர்களுள் மரக்கறி மட்டும் உண்பவர் இராஜஸ்தானத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 75 பேர். குஜராத்தில் ஏறத்தாழ 61 பேர். தமிழ்நாட்டிலோ 3 பேருக்கும் குறைவு. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், புலால் உண்பவர் நூற்றுக்கு ஏறத்தாழ 71 பேர் ஆவர்.

இவ்வேறுபாடு உண்கலத்தோடு நின்றுவிட்டால் தொல்லையில்லை. யார் உயர்ந்தவர், யார் தூயவர், யாரோடு யார் ஒரே சுவரை ஒட்டி வாழலாம் என்னும் கேள்விகளாக அது வளர்கின்றது. ஆதலின், இதன் வரலாற்றைச் சிறிது ஆராய்ந்து பார்ப்பது நமக்குப் பயனுடையதாகும்.

நாம் நாள்தோறும் வழங்கும் சொல்லிலிருந்தே தொடங்குவோம். புலால் நீங்கிய உணவைச் 'சைவம்' என்கிறோம். சிவநெறியின் பெயரே நம்மிடம் உணவின் பெயராகிவிட்டது. ஆனால் இச்சொல்லை எடுத்துக்கொண்டு காஷ்மீரத்துக்குச் சென்றால் அது பொருந்தாமற் போகும். காஷ்மீரப் பண்டிதர்கள் சிவராத்திரியை 'ஹேரத்' என்னும் பெயரால் தங்கள் பெருவிழாவாகக் கொண்டாடுகின்றனர். பல குடும்பங்களில் அவ்விழாவில் ஆட்டிறைச்சியும் மீனும் சமைக்கப்படும். அவர்தம் பழைய சமையல் முறையில் விலக்கப்பட்டவை வெங்காயமும் பூண்டுமே. வங்காளத்திலும் இத்தகைய வழக்கம் உண்டு. காளிக்குப் பலியிட்ட ஆட்டின் இறைச்சியை வெங்காயமும் பூண்டும் சேர்க்காது சமைத்து, அதனை 'நிராமிஷ' இறைச்சி, அதாவது புலால் கலவாத இறைச்சி, என்றே அழைக்கின்றனர். தூய்மை என்பது ஊருக்கு ஊர் வேறுபடுகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அதே வங்காளத்தில் மற்றொரு வழக்கமும் இருந்தது. மீன் உண்டு வளர்ந்த உயர்குலப் பெண்டிர், கணவனை இழந்தவுடன் மீனையும் இறைச்சியையும் அறவே விட்டுவிட வேண்டுமென்று கட்டாயப்படுத்தப்பட்டனர். துறவியின் இலையிலும் மீன் இல்லை. அக்கைம்பெண்ணின் இலையிலும் மீன் இல்லை. எனினும் இரண்டும் ஒன்றாகுமோ? தானே விரும்பி விடுவது நோன்பு. பிறர் விதிக்க விடுவது தண்டனை. புலால் மறுத்தலின் நெடிய வரலாற்றை நாம் இந்த ஓர் அளவுகோலைக் கொண்டு நோக்கலாம்.

நம் பழந்தமிழ் நூல்களில் இரு வழக்கும் உள்ளன. அந்தணராகிய கபிலர், சேரமான் செல்வக் கடுங்கோ வாழியாதனை நோக்கிப் பாடிய புறநானூற்றுப் பாட்டில், தம் கை மென்மையாக இருப்பதற்குக் காரணம் கூறுகின்றார். ஊனும் சோறும் உண்பதன்றி வேறு வருத்தமான தொழில் அறியாத கை அது என்பது அவர் கூறும் விடை. இதனைச் சொல்ல அவர் நாணவில்லை. கேட்ட மன்னனும் இகழவில்லை. பின்னர் வந்த திருக்குறள், 'புலால் மறுத்தல்' என்று ஓர் அதிகாரமே வகுத்து, ஊன் உண்பதை வன்மையாகக் கடிகின்றது. அவ்வதிகாரம், பரிமேலழகர் கொண்ட முறையில், துறவறவியலில் அமைந்திருப்பது நோக்கத்தக்கது. கள்ளுண்ணாமை பொருட்பாலில் இடம்பெற, ஊனுண்ணாமை அருளை வளர்க்கும் துறவியின் நோன்புகளோடு வைக்கப்பட்டுள்ளது. வள்ளுவர் உயர்ந்த குறிக்கோள் ஒன்றைக் காட்டுகின்றார். அதனை அயலானை அளக்கும் கோலாக்கித் தருகின்றாரில்லை.

இரு வழக்கும் நேருக்கு நேர் மோதிய காட்சியைச் சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் பெரியபுராணத்தில் வைத்துள்ளார். இன்று ஆந்திர மாநிலத்தில் உள்ள திருக்காளத்தியில், வேடராகிய கண்ணப்பர் இறைவனுக்கு இறைச்சி படைக்கின்றார். ஆகம முறைப்படி பூசை செய்யும் சிவகோசரியார் அதனைக் கண்டு நெஞ்சம் பதறித் திருமுன் தூய்மை செய்கின்றார். அவருடைய வருத்தமும் மெய்யானது. வேடருடைய அன்பும் மெய்யானது. இறைவனோ, மறைந்து நின்று அவ்வன்பைக் காணுமாறு சிவகோசரியாருக்கு உணர்த்துகின்றார். அயலான் படைப்பதை வெறுக்குமுன் அவனது உள்ளத்தைக் காண்க என்பதே அக்கதை நமக்குத் தரும் பாடம்.

இனி, அரசர்கள் செய்ததைக் காண்போம். கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகர் பொறித்த முதற் பாறைக் கல்வெட்டைக் குஜராத்தின் ஜுனாகட் நகருக்கு அருகில் கிர்நார் மலையடிவாரத்தில் இன்றும் காணலாம். முன்பு தம் அடுக்களைக்கென நாள்தோறும் பல நூறாயிரம் உயிர்கள் கொல்லப்பட்டன என்றும், இப்பொழுது இரண்டு மயில்களும் ஒரு மானும் மட்டுமே கொல்லப்படுகின்றன என்றும், மானும் எந்நாளும் இல்லை என்றும், இனி அம்மூன்றும் கொல்லப்படமாட்டா என்றும் அதில் அவர் கூறுகின்றார். உயிர்ப்பலியை விலக்கியவரும், பிற்காலத் தூண் கல்வெட்டொன்றில் கொல்லத்தகாத விலங்குகளைப் பட்டியலிட்டவரும் அவரே. ஆயினும் அவர் முதலில் கணக்குக் காட்டியது தம் அடுக்களைக்கு. அக்கணக்கிலும் மிச்சமிருந்த மூன்று உயிர்களை மறைக்காமற் சொன்னார். இவ்வாய்மையே அக்கல்வெட்டின் பெருமை.

ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்குப் பின், 1583-இல், குஜராத்திலிருந்து ஹீரவிஜய சூரி என்னும் சமணப் பெரியார் அக்பரின் அழைப்பை ஏற்று ஃபதேபூர் சிக்ரி சேர்ந்தார். அவர் வேண்டுகோளுக்கு இணங்கி, சமணர்களின் பரியூஷண நோன்பு நாள்களில் உயிர்க்கொலை கூடாதென்று பேரரசர் ஆணை பிறப்பித்தார். தாமும் இறைச்சி உண்பதைப் பெரிதும் குறைத்துக்கொண்டார். 2008-இல், பரியூஷணத்தின்போது அகமதாபாத் மாநகராட்சி ஒன்பது நாள்களுக்கு இறைச்சிக் கூடங்களை மூடியது செல்லும் என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபொழுது, அக்பரின் இச்செயலையும் எடுத்துக்காட்டியது. தடை சில நாள்களுக்கே உரியது என்பதும் அத்தீர்ப்பின் அடிப்படைகளுள் ஒன்று. 2015-இல் மும்பையில் இத்தகைய சிக்கல் எழுந்தபொழுதோ, இறைச்சி விற்பனைக்கு இட்ட தடையை உயர்நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அயலாரின் நோன்பை மதித்துச் சில நாள் பொறுப்பது எங்கே முடிகின்றது, பிறர் பிழைப்பிலும் உணவிலும் கை வைப்பது எங்கே தொடங்குகின்றது என்னும் வினா இன்னும் தீர்ந்தபாடில்லை.

இவ்வரலாற்றின் கசப்பான பக்கத்தையும் நாம் மறைத்தல் ஆகாது. உணவு இந்நாட்டில் சாதியின் படிக்கட்டுகளாகவும் ஆக்கப்பட்டது. டாக்டர் அம்பேத்கர் 1948-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில், தீண்டாமையின் தோற்றத்துக்கே மாட்டிறைச்சி உண்ணும் வழக்கம் ஒரு காரணமாயிற்று என்று வாதிட்டார். அம்முடிவை ஏற்போரும் மறுப்போரும் உளர். எனினும், ஏழை ஒருவன் தனக்குக் கிடைத்ததை உண்டான் என்பதற்காகவே இழிந்தவன் எனப்பட்டான் என்பதை மறுப்பார் இலர். அருளிலிருந்து பிறந்த நோன்பு, அருளற்ற ஒதுக்கலுக்குக் கருவியானதைவிடப் பெரிய முரண்பாடு வேறென்ன?

இதற்கு மாற்று வழியொன்றைத் தென்னாப்பிரிக்காவில் ஓர் அடுக்களை காட்டியது. 1910-இல் ஜோஹன்னஸ்பர்க் அருகே, கல்லன்பாக் அளித்த ஏறத்தாழ 1,100 ஏக்கர் நிலத்தில், காந்தியடிகள் டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தார். சிறை சென்ற சத்தியாக்கிரகிகளின் குடும்பங்கள் அங்கே கூடின. குஜராத்தியர், தமிழர், ஆந்திரர், வட இந்தியர் ஆகியோர் அவர்களுள் இருந்தனர். இந்துக்களும் முஸ்லிம்களும் கிறித்தவர்களும் பார்சிகளும் ஒருங்கே வாழ்ந்தனர். மரக்கறி உணவில் காந்தியடிகளுக்கு இருந்த உறுதி உலகறிந்தது. ஆயினும், முஸ்லிம்களும் கிறித்தவர்களும் இறைச்சி கேட்டால், அது மாட்டிறைச்சியாகவே இருப்பினும், கொடுத்தே தீரவேண்டும் என்று அவர் முடிவு செய்திருந்தார். அதன்பின்னரே தம் விருப்பத்தை அவர்கள் முன் வைத்தார். முஸ்லிம் நண்பர்கள் இசைந்தனர். கிறித்தவச் சகோதரிகளும் இசைந்தனர். பண்ணையின் அடுக்களை மரக்கறி அடுக்களை ஆயிற்று. இரமலான் மாதத்தில் முஸ்லிம் சிறுவர்கள் நோன்பு நோற்றபொழுது, மற்றவர்களும் அவர்களுக்குத் துணையாகப் பகலுணவை விட்டனர். கேட்பவர்க்கு மறுக்கும் உரிமை இருந்தமையால்தான் அவர்கள் தந்த இசைவுக்கு மதிப்பு இருந்தது. 1931-இல் இலண்டன் மரக்கறி உணவாளர் சங்கத்தில் பேசியபொழுதும், மரக்கறி உண்பவர் பொறுமையும் அடக்கமும் உடையவராதல் வேண்டும் என்றே அவர் அறிவுறுத்தினார்.

நம் நாட்டு வள்ளலாரும் இவ்வகையில் நினைக்கத்தக்கவர். கொல்லாமையை அவரைப்போல் உறுதியாக வலியுறுத்தியவர் சிலரே. ஆயினும் 1867-இல் வடலூரில் அவர் தொடங்கிய தருமச்சாலையில், பசித்து வந்தவரின் சாதி, சமயம், செய்கை ஆகியவற்றை விசாரியாமல் உணவளிப்பதே முறையாக வகுக்கப்பட்டது. அடுப்பில் அவர் கொள்கை விளங்கியது. வாயிலில் அவர் கருணை விளங்கியது.

பல மாநிலங்களில் சிதறி வாழும் நாம் இரு நிலைமையிலும் இருக்கிறோம். ஓரிடத்தில் புலால் உண்பதற்காக நாம் ஒதுக்கப்படுகின்றோம். வேறோரிடத்தில் உண்ணாததற்காக நகைக்கப்படுகின்றோம். ஆகவே இரு சாராரின் வருத்தமும் நமக்குத் தெரியும். நம்முள் புலால் உண்பவர், அயல்வீட்டார் நோன்பிருக்கும் நாளை அறிந்து நடந்துகொள்வதால் எதையும் இழப்பதில்லை. நம்முள் புலால் மறுப்பவர், தம் வீட்டு மாடியைப் புலால் உண்ணும் ஒருவருக்கு வாடகைக்குக் கொடுப்பதால் தம் நோன்பை இழப்பதில்லை. அவரவர் அடுக்களைக்கு அவரவரே பொறுப்பு. அயலாரின் அடுக்களைக்கு நாம் செய்யக்கூடியது, அங்கே பசி இல்லாதிருக்கப் பார்த்துக்கொள்வதே.