பின்னால் வருகிறவருக்குச் சொல்வது

காரில் உள்ள கருவிகளில் ஓட்டுகிறவருக்குத் துளியும் பயன்படாத ஒன்று பிரேக் லைட். ஹெட்லைட் போடாவிட்டால் சாலை தெரியாது, வைப்பர் ஓடாவிட்டால் மழையில் நகர முடியாது. பிரேக் லைட் எரிகிறதா இல்லையா என்பது பின்னால் வரும் யாரோ ஒருவருக்குத்தான் தெரியும். அவர் பக்கத்தில் வந்து கண்ணாடியைத் தட்டிச் சொன்னால் உண்டு. இல்லாவிட்டால் மாதக்கணக்கில் அணைந்தே கிடக்கும். நம்மூரில் சொல்லிவிடுவார்கள், அது வேறு விஷயம்.

இந்த விளக்கின் பழைய கதையில் ஒரு நடிகை வருகிறார். புளோரன்ஸ் லாரன்ஸ், கனடாவில் பிறந்து அமெரிக்க மௌனப்படங்களில் நடித்தவர். அப்போது படத்தில் நடிகர்களின் பெயரைப் போடும் வழக்கம் இல்லை, அதனால் கம்பெனிப் பெயரைச் சேர்த்து ‘பயோகிராஃப் பெண்’ என்றே ரசிகர்கள் அவரை அறிந்திருந்தார்கள். கார் ஓட்டுவதில் பெரிய ஈடுபாடு. 1914 வாக்கில் தன் காரின் பின்பக்கம் ஓர் அமைப்பைப் பொருத்தினார்: பொத்தானை அழுத்தினால் திரும்பப் போகும் திசையைக் காட்டும் கை எழும், பிரேக்கை மிதித்தால் ‘ஸ்டாப்’ என்று எழுதிய பலகை மேலே வரும். காப்புரிமை வாங்கவில்லை. 1938 டிசம்பரில் அவர் இறந்தார். மின்னி மின்னி எரியும் திசைவிளக்கைத் தொழிற்சாலையிலேயே பொருத்தி விற்ற பெருமை 1939 மாடல் பியூக்குக்குப் போனது. அதுவும் முதலில் பின்பக்கம் மட்டும்தான்.

ஐரோப்பா வேறு பாதையில் போனது. கதவுத் தூணுக்குள் மடங்கிக் கிடந்து, சுவிட்சைத் தட்டினால் வெளியே நீளும் ஒரு சின்னக் கை. பிரிட்டனில் அதற்கு டிராஃபிகேட்டர் என்று பெயர். ரயில்வே கைகாட்டியின் குட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒரு மின்காந்தச் சுருள், கைக்குள் ஒரு குட்டி பல்பு. இதில் வரும் பழுது ஒன்றே ஒன்றுதான், ஆனால் அடிக்கடி வரும்: சிக்கிக்கொள்ளும். போட்டால் வெளியே வராது, அல்லது வந்தது உள்ளே போகாது. ஓட்டுநர் தூணில் உட்பக்கமிருந்து ஒரு குத்து விடுவார், கை தொப்பென்று வெளியே வரும். மோரிஸ் மைனரில் 1961 வரை இந்தக் கை இருந்தது.

மின்னும் விளக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதை மின்ன வைக்க யாராவது நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை சுவிட்சைப் போட்டு அணைக்க வேண்டும். அந்த வேலையைச் செய்ய வந்ததுதான் ஃபிளாஷர் என்ற சின்ன டப்பா. பழைய கார்களில் அதற்குள் எலக்ட்ரானிக்ஸ் கிடையாது. ஒன்றாக ஒட்டிய இரண்டு உலோகப் பட்டைகள், அவ்வளவுதான். பல்புக்குப் போகும் மின்சாரம் பட்டையைச் சூடாக்கும். இரண்டும் ஒரே அளவு விரியாததால் பட்டை வளையும், தொடர்பு அறுந்து விளக்கு அணையும். ஆறியதும் நிமிரும், விளக்கு எரியும். டிக் டிக் சத்தம் அந்தப் பட்டையுடையது. இன்றைய கார்களில் அதே சத்தத்தை ஸ்பீக்கரில் போடுகிறார்கள், நமக்குப் பழகிவிட்டது என்பதற்காக.

என்னைக் கவர்ந்தது இதன் பழுது. ஒரு பக்கத்தில் இரண்டு பல்பில் ஒன்று போய்விட்டால் மின்சாரம் பாதியாகும், பட்டை போதிய அளவு சூடாகாது, வளையாது. மீதமுள்ள பல்பு மின்னாமல் நின்று எரியும். உள்ளே டிக் டிக் இல்லை என்றதுமே ஓட்டுநருக்கு விஷயம் புரிந்துவிடும். டப்பாவைக் குறை சொல்வதற்கு முன் பல்பைப் பார்க்க வேண்டும். பழைய காருக்கு எல்இடி பல்பு போட்டவர்கள் இண்டிகேட்டர் மின்னவில்லை என்று புலம்புவதும் இதே காரணத்தால்தான். எல்இடி இழுக்கும் மின்சாரம் அந்தப் பட்டைக்கு ஒரு பொருட்டே இல்லை.

இனிதான் சிக்கல். பின்பக்கத்தில் ஏற்கெனவே பிரேக்குக்கு ஒரு சிவப்பு விளக்கு இருக்கிறது. இண்டிகேட்டருக்குத் தனியாக இன்னொன்று எதற்கு? அமெரிக்கக் கம்பெனிகள் இரண்டையும் ஒரே இழையில் கட்டின. உதாரணத்துக்கு 1965 ஃபோர்டு மஸ்டாங். பின்னால் 1157 என்ற எண்ணுள்ள இரட்டை இழை பல்பு. மங்கல் இழை டெயில் லைட்டுக்கு. பிரகாச இழை பிரேக்குக்கும் இண்டிகேட்டருக்கும் பொது. பிரேக் சுவிட்சிலிருந்து வரும் ஒயர் நேராகப் பின்னால் போகாது. முதலில் ஸ்டீயரிங் கம்பத்தில் உள்ள இண்டிகேட்டர் சுவிட்சுக்குப் போகும். லிவர் நடுவில் இருந்தால் இரண்டு பக்கமும் பிரேக்குக்கு. இடப்பக்கம் தள்ளினால் இடது பல்பு பிரேக்கிடமிருந்து பிடுங்கப்பட்டு ஃபிளாஷரிடம் ஒப்படைக்கப்படும். வலது மட்டும் பிரேக்கோடு இருக்கும்.

எங்கள் துறையில் ஒரே மாறியை இரண்டு வேலைக்கு வைத்துக்கொள்வது என்று இதைச் சொல்வோம். காசு மிச்சம், பின்னால் வருகிறவனுக்குத் தலைவலி. ஆனால் பழுது பார்ப்பவருக்கு இதைவிட நல்ல புதிர் கிடைக்காது. இண்டிகேட்டர் இரண்டு பக்கமும் மின்னுகிறது, பிரேக் லைட் இரண்டும் இல்லை என்றால் பல்புகள் நிரபராதிகள். பெடல் பக்கத்து பிரேக் சுவிட்சையும் அதற்கு வரும் மின்சாரத்தையும் பாருங்கள். சுவிட்சின் இரண்டு ஒயர்களையும் கழற்றி ஒன்றோடொன்று சேர்த்ததும் விளக்கு எரிந்தால் சுவிட்ச் போச்சு. ஒரு பக்கம் இண்டிகேட்டர் மின்னுகிறது, ஆனால் அதே பக்கம் பிரேக் லைட் மட்டும் இல்லை என்றால் குற்றவாளி பின்னால் இல்லவே இல்லை. அவர் ஸ்டீயரிங் கம்பத்துக்குள், தேய்ந்த சுவிட்ச் முனையாக உட்கார்ந்திருக்கிறார்.

பிரிட்டிஷ்காரர்களும் இதே சிக்கனத்தைச் செய்தார்கள், கொஞ்சம் சுற்றி வளைத்து. எம்ஜிஏ, ஆஸ்டின்-ஹீலி கார்களில் எட்டு முனைகள் உள்ள டிபி10 என்ற லூகாஸ் ரிலே டப்பா, எந்த பல்பு யாருக்கு என்று பங்கு பிரிக்கும். லூகாஸின் மின்கருவிகள் பழுதாவதைக் கிண்டல் செய்து ‘இருளின் இளவரசன்’ என்று அந்தப் பெயருக்கு ஆங்கிலேயர்கள் பட்டமே கொடுத்திருக்கிறார்கள். 1961இல் அதே லூகாஸ் டிவிஎஸ்ஸோடு சேர்ந்து சென்னை பாடிக்கு வந்தது. அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு அது பஸ் நிறுத்தத்தின் பெயர்.

பட்டம் முழுக்க நியாயமில்லை. இந்தக் கார்களில் பாதிப் பழுதுக்குக் காரணம் கருவியே இல்லை, எர்த். பழைய காரில் விளக்குக்கு ஒரு ஒயர்தான் போகும், மின்சாரம் திரும்பி வருவது காரின் உடம்பு வழியாக. விளக்குக் கூட்டுக்கும் தகரத்துக்கும் நடுவே துரு ஏறினால் திரும்பும் வழி அடைபடும். அடைபட்ட மின்சாரம் சும்மா இருக்காது. இரட்டை இழை பல்பில் இரண்டு இழைகளுக்கும் எர்த் பொது. அது போய்விட்டால், பிரேக் இழை வழியாக வந்த மின்சாரம் டெயில் இழைக்குள் தலைகீழாக நுழைந்து, டெயில் ஒயர் வழியே போய் மற்ற விளக்குகளில் எர்த்தைத் தேடும். பகலில் பிரேக்கை மிதித்தால் முன்பக்கப் பார்க்கிங் விளக்கு மங்கலாக எரியும். பார்ப்பவர் பேய் பிடித்தது என்பார்.

இரவில் அது வேடிக்கையில்லை. டெயில் லைட் போட்டிருக்கும்போது அந்தப் பல்பின் டெயில் இழைக்கு 12 வோல்ட் வருகிறது. எர்த் இல்லாததால் அது பிரேக் இழை வழியே மறுபக்கத்து பல்புக்குக் கசிந்து, மங்கலாகவாவது எரிகிறது. இப்போது பிரேக்கை மிதித்தால் பிரேக் இழையின் முனைக்கும் அதே 12 வோல்ட். இரண்டு முனையிலும் சம அழுத்தம், ஓட வழியில்லை. அந்தப் பக்கம் முழுக்க இருட்டாகிவிடும். பின்னால் லாரி வரும்போது, நிறுத்துகிறேன் என்று சொல்ல வேண்டிய அந்த நொடியில், விளக்கு அணைகிறது. சரிசெய்ய உப்புத்தாளும், உடம்பில் திருகிய ஒரு துண்டு ஒயரும் போதும். நம்மூர் எலக்ட்ரீஷியன் எதைப் பார்த்தாலும் “எர்த் இல்ல சார்” என்று தொடங்குவது சோம்பேறித்தனம் இல்லைங்க, அனுபவம்.

ஒரே விளக்கு இரண்டு செய்தி சொல்வதன் குழப்பத்தை அளந்து பார்க்க வெகுகாலம் ஆனது. 1974இல் ஜான் வோயவோட்ஸ்கி என்ற உளவியலாளர் சான் பிரான்சிஸ்கோவின் 343 டாக்சிகளில், பின்பக்க நடுவில் தனியாக ஒரு விளக்கைப் பொருத்தினார். பின்னால் வந்து மோதுவது 60.6 சதவீதம் குறைந்தது. 1986 மாடல் கார்களிலிருந்து அமெரிக்காவில் நடு பிரேக் லைட் கட்டாயமாயிற்று. எல்லாக் காரிலும் வந்து, கண்ணுக்குப் பழகிய பிறகு கணக்கெடுத்தால் பலன் 4.3 சதவீதத்தில் நின்றது. பைலட்டில் பிரமாதம், புரொடக்‌ஷனில் சுமார்: மென்பொருள்காரர்களுக்குப் பழக்கமான சோகம். ஆனாலும் ஒரு நாட்டின் அத்தனை கார்களிலும் 4.3 என்பது சின்ன எண்ணிக்கை இல்லை. அந்த விளக்குக்கு பிரேக்கைத் தவிர வேறு வேலை கிடையாது என்பதும் ஒரு நிம்மதி.

இண்டிகேட்டர் கதை இன்னும் முடியவில்லை. ஐரோப்பா மஞ்சள் நிறத்தைக் கட்டாயமாக்கிவிட்டது. அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்புத் துறை 2009இல் பழைய விபத்துகளைக் கணக்கிட்டு, திரும்பும் காரின் பின்னால் மோதும் வகை விபத்துகளில் மஞ்சள் விளக்குள்ள கார்கள் சிக்குவது சிவப்பை விட 5.3 சதவீதம் குறைவு என்று சொன்னது. சட்டம் மாறவில்லை. அங்கே இன்றும் புதிய கார்கள் சிவப்பு இண்டிகேட்டரோடு விற்பனைக்கு வருகின்றன, சிலவற்றில் பிரேக்குக்கும் அதே விளக்குதான்.