ஓடுகாலி

எங்கள் ஊரில் ஒரு பெண் ஓடினால் அதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். திருவண்ணாமலை பஸ் கிளம்பியிருக்கும். மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போயிருக்கும். இல்லையென்றால் யாருக்கோ உயிர் போயிருக்கும். அதனால்தான், நான்கு வருடத்துக்கு முன் ஒரு விடியற்காலையில் கீழ்பென்னாத்தூர் ஏரிக்கரையில் நான் முதல்முறை ஓடியபோது, சொசைட்டிக்குப் பால் கொண்டுபோன அக்கா கேனை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்: “இன்னா டீச்சர், ஊட்ல யாருக்காவது ஏதாச்சும் ஆயிடுச்சா?”

ஆகியிருந்தது எனக்குத்தான். அப்போது நாற்பத்தேழு வயது. அம்மா இறந்து எட்டு மாதம். இரவில் தூக்கம் கிடையாது. பகலில் பாடம் நடத்தும்போதே அழுகை முட்டும். மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். தினமும் வேகமாக நடக்கவும், முடிந்தால் மெதுவாக ஓடவும் சொன்னார். மாத்திரையை அன்றே தொடங்கினேன். ஓட இரண்டு மாதம் ஆனது. கால் தயாராகத்தான் இருந்தது. ஒரு சொல் தடுத்தது. ஓடுகாலி.

வீடு தங்காதவளுக்கு, சொன்ன பேச்சைக் கேட்காதவளுக்கு, விரும்பியவனோடு போனவளுக்கு என்று நம் மொழி வைத்திருக்கும் வசவு அது. ஓர் ஆணை அப்படித் திட்டி நான் கேட்டதில்லை. எட்டாம் வகுப்புவரை நானும் பள்ளி மைதானத்தில் ஓடியவள்தான். வயதுக்கு வந்ததும் நின்றது. யாரும் பெரிதாகத் தடை போடவில்லை. “இனிமே இன்னா ஓட்டம்?” என்று பாட்டி ஒருமுறை கேட்டார், அது போதுமானதாக இருந்தது.

ஓட ஆரம்பித்த பிறகு இதைப் பற்றிப் படிக்கவும் ஆரம்பித்தேன். என் பாட்டி சொன்னதைத்தான் உலகத்தின் பெரிய மருத்துவர்களும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்காவில் சைலஸ் வெயர் மிட்செல் என்ற புகழ்பெற்ற நரம்பு மருத்துவர் இருந்தார். மனம் சோர்ந்த பெண்களுக்கு அவர் கொடுத்த சிகிச்சை ஓய்வு. வாரக்கணக்கில் படுக்கை, நிறையச் சாப்பாடு. படிக்கக் கூடாது, எழுதக் கூடாது. அதே மிட்செல், மனம் சோர்ந்த ஆண்களை மேற்குப் பகுதிக்குப் போய்க் குதிரை ஏறவும் வேட்டையாடவும் சொன்னார். நோய் ஒன்றுதான். அவனுக்கு வெட்டவெளி, அவளுக்குக் கட்டில். 1887இல் அவரிடம் சிகிச்சை பெற்ற சார்லட் பெர்கின்ஸ் கில்மன், அது தன்னைப் பைத்தியத்தின் விளிம்புவரை கொண்டுபோனதை உணர்ந்து அதிலிருந்து வெளியேறினார். அந்த அனுபவத்திலிருந்து அவர் எழுதிய சிறுகதை 1892இல் வெளிவந்தது. இன்றும் அது உலகெங்கும் பெண்ணியப் பாடமாக இருக்கிறது.

1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் முதல்முறையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே உலக சாதனையோடு வென்றார். இறுதிப் போட்டியில் ஓடிய ஒன்பது பேரும் ஓடி முடித்தார்கள். ஆனால் பெண்கள் கொத்துக் கொத்தாகச் சுருண்டு விழுந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. விளைவு, அந்த ஓட்டம் பெண்களுக்கு மறுபடி கிடைக்க 1960 ஆனது. ஓடி முடித்த ஆண் மூச்சு வாங்கிப் புல்லில் சாய்ந்தால் வீரம். பெண் சாய்ந்தால் பலவீனம். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு மாரத்தான் வந்தது 1984இல்தான்.

அதற்குப் பிறகு அறிவியல் தன் பேச்சை மாற்றிக்கொண்டது. 1999இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் ஓர் ஆய்வை வெளியிட்டது. மனச்சோர்வு நோய் இருந்த, ஐம்பது வயதைக் கடந்த 156 பேர் அதில் இருந்தார்கள். ஒரு பிரிவுக்கு மாத்திரை. ஒரு பிரிவுக்கு வாரம் மூன்று நாள் வேக நடையோ மெல்லோட்டமோ. மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். மாத்திரை சீக்கிரமாக வேலை செய்தது. ஆனால் 16 வாரம் முடிந்தபோது மூன்று பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள். மாத்திரையை விட்டுவிடுங்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை; நானும் மருத்துவர் சொன்ன பிறகுதான் நிறுத்தினேன். நம்மை எதிலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி உட்கார வைத்தார்களோ, அதுவே நமக்கு மருந்தாக இருந்திருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

ஓட்டம் மட்டும் போதுமா என்று கேட்டால், புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் பிறந்த சாந்தி சௌந்தரராஜனைத்தான் நினைத்துக்கொள்வேன். செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். 2006 தோஹா ஆசியப் போட்டியில் அதே 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பிறகு பாலினச் சோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கத்தைப் பறித்தார்கள். ஒரு பெண்ணின் உடலை ஊர் உலகமே கூடி நின்று விவாதித்தது. அடுத்த ஆண்டு அவர் உயிரை விடும் முடிவுக்கே போய் மீண்டார். ஓட்டம் அவரை முறிக்கவில்லை. ஓடிய உடல் யாருடையது என்று மற்றவர்கள் தீர்ப்புச் சொன்னதுதான் முறித்தது. மீண்டு வந்தவர் மறுபடி மைதானத்துக்கே போனார். பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுத்தார்.

பால்கார அக்கா இன்னொரு நாள் சொன்னது இன்னும் உறுத்துகிறது. “நாங்க விடிஞ்சா பொழுதுபோனா ஓடிக்கினுதான் இருக்கோம். தனியா வேற ஓடணுமா டீச்சர்?” மாதச் சம்பளமும் கேன்வாஸ் ஷூவும் உள்ளவள் சுலபமாகச் சொல்லிவிடக்கூடிய பதில் இல்லை. மாட்டுக்கும் புருஷனுக்கும் நூறு நாள் வேலைக்கும் ஓடுகிற உடம்பு ஓய்வைத்தான் கேட்கும். ஆனால் அந்த ஓட்டங்களில் ஒன்றுகூட அவருக்கானது இல்லை என்பதையும் அவரே சொல்லிவிட்டார்.

பௌர்ணமி இரவில் கிரிவலப் பாதையில் 14 கிலோமீட்டர் பெண்கள் விடிய விடிய நடக்கிறோம். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. சாமிக்காக நடக்கிறோம், மகள் கல்யாணத்துக்காக, மகன் வேலைக்காக நடக்கிறோம். நடக்கத் தெரியாதவர்கள் இல்லை நாம். தனக்காக என்று சொல்லி அரை மணி நேரம் எடுத்துக்கொள்ளும்போதுதான் கேள்வி வருகிறது.

இப்போது எனக்குத் தூக்கம் வருகிறது. அம்மாவை நினைத்து அழுகை வரும் நாளும் உண்டு. ஓடிக்கொண்டே அழுகிறேன், கரையில் யாருக்கும் தெரிவதில்லை. சில நாள் பால்கார அக்கா சொசைட்டியிலிருந்து திரும்பும்போது காலி கேனோடு மதகுவரை என்னோடு வேகமாக நடக்கிறார். போன வாரம் எதிரே வந்த ஒருவர் அவரைப் பார்த்து, “எங்க இவ்ளோ அவசரம்?” என்று கேட்டார்.

“எங்கயும் இல்ல. சும்மா,” என்றார் அக்கா.