படிப்பகத்தில் பிறந்த ரசிகர் மன்றம்

1927-இல் இந்தியாவை ஆண்ட பிரிட்டிஷ் அரசுக்கு ஒரு கவலை வந்தது. அமெரிக்காவிலிருந்து வந்து குவிந்த படங்களில் வெள்ளைக்காரப் பெண்கள் ஆடுவதையும் குடிப்பதையும் பார்த்து இந்திய இளைஞர்கள் கெட்டுப்போவார்கள் என்று அதிகாரிகள் பயந்தார்கள். ஆளும் இனத்தின்மேல் அந்த இளைஞர்களுக்கு இருந்த மரியாதை போய்விடுமே என்ற பயம் அதைவிடப் பெரிது. விசாரிக்க ஒரு குழு அமைத்து, சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியாரை அதற்குத் தலைவராக்கினார்கள். அந்தக் குழு நாடெங்கும் சுற்றி 353 சாட்சிகளை விசாரித்து 1928-இல் அறிக்கை கொடுத்தது. சினிமாவால் பெருங்கேடு விளைகிறது என்ற குற்றச்சாட்டை அது ஏற்கவில்லை. அறிக்கை கிடப்பில் போடப்பட்டது. கேள்வி மட்டும் இன்றுவரை ஓயவில்லை. சினிமாவுக்குப் பிறகு தொலைக்காட்சியைப் பற்றியும், இப்போது செல்போனைப் பற்றியும் அதையே கேட்கிறோம்: பார்க்கிற பிள்ளையை இது என்ன செய்யும்? இந்தக் கேள்வி ஒன்றைத் தவறவிடுகிறது என்பது என் எண்ணம். திரைக்கும் இளைஞனுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. பார்த்ததையும் படித்ததையும் பத்துப் பேர் கூடிப் பேசுகிற இடம் அது. வெகுஜன ஊடகம் தமிழ்நாட்டு இளைஞர்களை ஆழமாக மாற்றியபோதெல்லாம் அந்த இடத்தின் வழியாகத்தான் மாற்றியது. ரசிகர் மன்றத்தின் வரலாறு இதற்கு நல்ல சான்று.

கொட்டகையிலிருந்து தொடங்குவோம். எல்லாத் தமிழரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் அரங்கு சினிமாக் கொட்டகைதான் என்று ஈழத்து அறிஞர் கார்த்திகேசு சிவத்தம்பி எழுதினார். கோயில் மண்டபத்திலும் மிராசுதார் வீட்டுக் கச்சேரியிலும் யார் எங்கே உட்காரலாம் என்பதைப் பிறப்பு முடிவு செய்தது. கொட்டகையில் பெரும்பாலும் கையிலிருந்த காசு முடிவு செய்தது. தரை டிக்கெட் வாங்கியவர்கள் எந்தத் தெருக்காரர்களாக இருந்தாலும் ஒரே மணலில் உட்கார்ந்தார்கள். இது சிறிய மாற்றம் இல்லை. ஆனால் படம் முடிந்து விளக்கு எரிந்ததும் கூட்டம் கலைந்துவிடும். இருட்டில் ஒன்றாகச் சிரித்தவர்கள் வெளிச்சத்தில் அவரவர் தெருவுக்குத்தான் திரும்பினார்கள். மறுநாளும் அவர்கள் கூடுவதற்கு ஓர் இடத்தைச் சினிமாவால் கொடுக்க முடியவில்லை. அதைக் கொடுத்தது படிப்பகம்.

1940-களிலும் 50-களிலும் திராவிட இயக்கம் ஊர் ஊராக வளர்த்த படிப்பகங்களைப் பற்றிப் பேசாமல் அந்தத் தலைமுறையின் இளைஞர்களைப் பற்றிப் பேச முடியாது. பெரும்பாலும் அது ஒரு கீற்றுக் கொட்டகை, அல்லது கடைத்தெருவில் வாடகைக்கு எடுத்த ஓர் அறை. வாசலில் கொடிக்கம்பம், உள்ளே சுவரில் பெரியார் அல்லது அண்ணா படம், நீளமாக ஒரு பெஞ்சு. ‘விடுதலை’, ‘திராவிட நாடு’, ‘முரசொலி’ என்று இயக்க ஏடுகள் அங்கே வந்தன. தலைவர்கள் ஆளுக்கொரு பத்திரிகை நடத்திய காலம் அது. எழுத்துக் கூட்டத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிக்க, தறி நெய்பவரும் பீடி சுற்றுபவரும் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பையனும் கேட்பார்கள். ஒரு பிரதி இருபது முப்பது பேர் காதுக்குப் போனது. முடிதிருத்தும் கடையிலும் டீக்கடையிலும் இதே காட்சிதான். வாசிப்பு முடிந்ததும் விவாதம் வரும்; விவாதத்தில் நின்று பேசக் கற்றவன் அடுத்த மாதம் தெருமுனை மேடையில் ஏறுவான். 1952 தீபாவளிக்கு ‘பராசக்தி’ வந்தபோது மு. கருணாநிதியின் வசனத்தை மனப்பாடம் செய்து மேடையில் முழங்கிய இளைஞர்களுக்கு அந்த நடை புதிதாக இருந்திருக்காது. படிப்பகத்தில் ஏற்கெனவே கேட்டுப் பழகிய தமிழ் அது. படம் அதற்கு ஒரு குரலையும் முகத்தையும் கொடுத்தது.

இப்படி ஓர் இடம் இல்லாதபோது திரையின் செல்வாக்கு என்ன ஆகும் என்பதற்கு எம்.கே. தியாகராஜ பாகவதர் எடுத்துக்காட்டு. அவரைப்போல் இளைஞர்கள் தோள்வரை தலைமுடி வளர்த்தார்கள். ‘பாகவதர் கிராப்’ என்றே அதற்குப் பெயர். அவருடைய பாட்டுகள் இசைத்தட்டில் ஏறித் தெருத்தெருவாக ஒலித்தன. 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. 1944-இன் கடைசியில் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் அவர் கைதானார். மேல்முறையீட்டில் வென்று 1947-இல் விடுதலையாகி வந்தபோது நிலைமை மாறியிருந்தது. அதன்பின் வந்த அவருடைய படங்கள் ஓடவில்லை. உடையும் நடையும் சிகையும் திரையிலிருந்து நேராக உடம்புக்கு வந்துவிடும் என்பதை நான் மறுக்கவில்லை. அதற்கு நடுவில் யாரும் வேண்டியதில்லை. ஆனால் அப்படி வந்தது அடுத்த நடிகர் வந்ததும் அதே வேகத்தில் போய்விடுகிறது.

எம்.ஜி.ஆர். 1953-இல் தி.மு.க.வில் சேர்ந்தார். அவர் பெயரில் ஆங்காங்கே தோன்றிய மன்றங்கள் தங்கள் உருவத்தைப் படிப்பகத்திடமிருந்தே வாங்கிக்கொண்டன. அதே கீற்றுக் கொட்டகை, அதே பெஞ்சு. சுவரில் இன்னொரு படம் சேர்ந்தது. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பொறுப்புகள். ஒரு ரப்பர் ஸ்டாம்ப், ஒரு லெட்டர்பேடு, ஒரு ரசீதுப் புத்தகம். சுவரொட்டி ஒட்ட மைதா பசை காய்ச்சுவது, தோரணம் கட்டுவது, முதல் காட்சிக்கு டிக்கெட் பிரிப்பது, பிறந்தநாளுக்குச் சந்தா வசூலித்து ஏழைகளுக்கு வேட்டி சேலை கொடுப்பது, கணக்கு ஒப்பிப்பது என்று வேலை ஓயாது. இதை வெறும் ஆர்ப்பாட்டம் என்று பார்ப்பவர்கள் அந்த ரசீதுப் புத்தகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். சைக்கிள் கடையில் வேலை பார்க்கும் பத்தொன்பது வயதுப் பையன் ஊர்ப் பணத்தை வாங்கி ரசீது கிழித்துக் கொடுக்கிறான். ஊரில் வேறு எந்த அமைப்பும் அவனை நம்பிப் பத்து ரூபாய் கொடுத்திருக்காது. அப்போது ஓட்டுரிமை வயது 21; பல மன்றத்தாருக்கு ஓட்டே கிடையாது. ஆனாலும் ஒரு தேர்தலை எப்படி நடத்துவது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 1967 தேர்தலுக்குச் சற்று முன், ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்தில் கட்டுடன் அவர் இருந்த சுவரொட்டி சில நாட்களில் தமிழ்நாடெங்கும் ஒட்டப்பட்டதில் இந்தக் கைகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

மன்றத்தின் வலிமை முழுதாகத் தெரிந்தது 1972-இல். கட்சிக்காரர்கள் சொத்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்று கேட்ட எம்.ஜி.ஆரை அக்டோபரில் தி.மு.க. வெளியேற்றியது. அதே மாதம் 17-ஆம் தேதி அவர் அ.தி.மு.க.வைத் தொடங்கினார். ஏழு மாதங்களில், 1973 மே மாதம் நடந்த திண்டுக்கல் இடைத்தேர்தலில் மாயத்தேவர் இரட்டை இலைச் சின்னத்தில் வென்றார். பிறந்து ஏழு மாதமான ஒரு கட்சிக்கு ஊர்தோறும் கிளையும் பூத்துக்கு ஆளும் எங்கிருந்து வந்தன? மன்றங்கள் பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டு கிளைக் கழகங்களாயின. அதே செயலாளர், அதே ரசீதுப் புத்தகம். 1977-இல் அந்தக் கட்சி ஆட்சியைப் பிடித்தது. விஜயகாந்த் 2005-இல் கட்சி தொடங்கி மறு ஆண்டே எட்டு விழுக்காட்டுக்கு மேல் வாக்கு வாங்கியதும், விஜய் 2009-இல் மன்றங்களை மக்கள் இயக்கமாக்கி 2024-இல் கட்சி தொடங்கியதும் இதே வழியில் நடந்தவைதான்.

இதற்கு வலுவான மறுப்புகள் உண்டு. ஆய்வாளர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-இல் வெளியான தம் ஆங்கில நூலில், திரையில் ஏழைப் பங்காளனாகக் கட்டப்பட்ட எம்.ஜி.ஆரின் உருவம் ஏழைகளையே எப்படிச் சிக்கவைத்தது, அந்த ஆட்சியில் ஏழைகள் எவ்வளவு இழந்தார்கள் என்று காட்டினார். அப்படியானால் மன்றமும் அந்தப் பொறியின் ஒரு பகுதிதானே, இளைஞர்கள் அதில் ஏவலாட்கள்தானே என்று கேட்கலாம். பாண்டியன் சொன்னதன் பெரும்பகுதி உண்மை. மேலிருந்து வரும் கட்டளைக்குக் கீழ்ப்படிவதையும் தலைவரை வணங்குவதையும் மன்றம் பழக்கியது. எதிர்க் கேள்வி கேட்கப் பழக்கவில்லை. தீக்குளிப்பு வரை போன வெறியை யாரும் நியாயப்படுத்த முடியாது. படிப்பகத்தில் இருந்த விவாதம் மன்றத்தில் மெல்ல மெல்ல வற்றியது என்பதே என் வருத்தம். ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தை உடைக்கவில்லை. நல்லதோ கெட்டதோ, செல்வாக்கு வேர்பிடித்தது கூடும் இடத்தில்தான் என்பதை அதுவும் ஒப்புக்கொள்கிறது. அந்த இடத்தில் என்ன பேசப்பட்டது, யார் பேச அனுமதிக்கப்பட்டார்கள் என்பதைப் பொறுத்தே விளைவு அமைந்தது. மானிடவியலாளர் சாரா டிக்கி மதுரையில் தங்கி ஆராய்ந்து 1993-இல் வெளியிட்ட நூலும், மன்றத்துப் பையன்கள் சமூக சேவையைப் பெருமையாக நினைத்ததையும் அதன்மூலம் தெருவில் ஒரு மதிப்பைத் தேடியதையும் பதிவு செய்கிறது. அவர்களை வெறும் ஏமாளிகள் என்று தள்ளிவிடுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி.

சிவாஜி கணேசனுக்கும் ஊரெல்லாம் மன்றங்கள் இருந்தனவே, ஏன் அவரால் முடியவில்லை? 1988-இல் தமிழக முன்னேற்ற முன்னணியைத் தொடங்கிய அவர் 1989 தேர்தலில் திருவையாற்றில் தோற்றார். தோல்விக்கு வேறு பல காரணங்களும் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று: அவருடைய மன்றங்கள் நடிப்பைக் கொண்டாடின. அந்தக் கொண்டாட்டத்துக்கு முழுத் தகுதி உள்ள கலைஞர் அவர். ஆனால் ஊர்ப் பிரச்சினையைப் பேச மன்றத்தார் போக வேண்டிய இடம் அவர் நெடுங்காலம் இருந்த காங்கிரஸின் அலுவலகமாக இருந்தது. அங்கே அவர்கள் விருந்தாளிகளாகவே இருந்தார்கள். கூடும் இடம் மட்டும் போதாது, கூடுகிறவர்களுக்குச் சொந்தமான ஒரு வேலையும் வேண்டும்.

என் வாதத்தை உண்மையிலேயே உலுக்குவது பெண்களின் கதை. ரசிகர் மன்றம் ஏறக்குறைய முழுக்க ஆண்களின் உலகம். எம்.ஜி.ஆருக்கோ மிக உறுதியான வாக்கு பெண்களிடமிருந்து வந்தது. மன்றமே இல்லாமல் திரை அவர்களிடம் வேலை செய்திருக்கிறதே? 1982-இல் அவர் விரிவாக்கிய சத்துணவுத் திட்டம் ஒரு பகுதிக் காரணம். இன்னொன்றும் உண்டு. பெண்கள் கூடிய இடங்கள் நம் வரலாற்றில் சரியாகப் பதிவாகவில்லை. டூரிங் டாக்கீஸில் தட்டி கட்டிப் பிரித்த பெண்கள் பக்கம், மதியக் காட்சிக்குத் தெருவே சேர்ந்து போனது, வாசல் திண்ணை எல்லாம் அவர்கள் கூடிய இடங்கள்தான். ‘கல்கி’யில் 1950-களின் தொடக்கத்தில் வாரா வாரம் வந்த ‘பொன்னியின் செல்வன்’ பக்கங்களைக் கிழித்து, வரிசையாக அடுக்கி, தைத்து பைண்டு செய்து வீடு வீடாகக் கைமாற்றினார்கள். அட்டை பிய்ந்த அந்தத் தொகுப்புகள் இன்றும் பழைய வீட்டுப் பரண்களில் கிடைக்கின்றன. கொடிக்கம்பமும் ரப்பர் ஸ்டாம்பும் இல்லாத ஒரு வாசக மன்றம் அது. பெண்கள் கூடாமல் பாதிக்கப்பட்டார்கள் என்று நான் நம்பவில்லை. அவர்கள் கூடிய இடத்தை எண்ணத் தெரியாதவர்களாக நாம் இருந்திருக்கிறோம்.

இன்று படிப்பகங்கள் பெரும்பாலும் மறைந்துவிட்டன. அஜித்குமார் 2011-இல் தம் மன்றங்களைக் கலைத்தார். ரசிகர் சண்டை தெருவை விட்டுக் கைபேசிக்குப் போய்விட்டது. அதில் லட்சம் பேர் கூடுகிறார்கள் என்று சொல்வார்கள். கூடுகிறார்கள்தான். ஆனால் அங்கே சந்தா வசூலித்துக் கணக்கு ஒப்பிக்க வேண்டியதில்லை, ஒத்துப்போகாதவனோடு மறுநாளும் அதே பெஞ்சில் உட்கார வேண்டியதில்லை. எதைப் பார்ப்பது என்பதைக்கூட ஒரு நிறுவனத்தின் கணக்கு முடிவு செய்கிறது. பிள்ளைகள் செல்போனைத் தொடக் கூடாது என்று தடை போடுவதால் இது தீராது. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது 1948-இல் சென்னை மாகாணம். 2006-இல் தொடங்கிய அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் நூலகக் கட்டடம் எழும்பியது. அவற்றில் பல பூட்டியே கிடக்கின்றன. ஊராட்சி மன்றத்தார் அந்தப் பூட்டைத் திறக்கட்டும். ஒரு பெஞ்சு, இரண்டு நாளிதழ், மாலை எட்டு மணி வரை எரியும் ஒரு விளக்கு, பெண் பிள்ளைகளும் தயங்காமல் வந்து உட்காரும்படி ஒரு பொறுப்பாளர் போதும். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கேளுங்கள்.