சேரிங் கிராசும் மன்றும்

பெர்ன்ஹில் என்பது பெரணி செறிந்த குன்று எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயர். மைசூர் அரச குடும்பத்தார் 1873-இல் அங்கிருந்த மாளிகையைத் தமதாக்கிக் கொண்டனர்; மலை இருப்புப்பாதை 1908-இல் அவ்வழியே உதகையை அடைந்தது. அங்குத் தங்கியிருந்த யாம், மாணவர் சிலருடன் நகரின் நடுவிடமாகிய சேரிங் கிராசைக் காணச் சென்றோம்.

பல சாலைகள் கூடும் அவ்விடத்தில் அடுக்கடுக்காய் அமைந்த நீரூற்று ஒன்று நிற்கின்றது. 1880 டிசம்பரில் சென்னை ஆளுநராகப் பொறுப்பேற்று, 1881 மே மாதத்தில் உதகையிலேயே உயிர்நீத்த வில்லியம் பாட்ரிக் ஆடம் என்பாரின் நினைவாக 1886-இல் எழுந்தது அது. அரையாண்டும் ஆளாதவர்க்கு இத்துணைப் பெரிய நினைவுச் சின்னம்!

அங்கே மாணவர் ஒருவர், “வழிகள் சேருமிடம் ஆதலின் சேரிங் என்றாயிற்று, இது சேர் என்னும் தமிழ் வினையே” என்றார். பிறரும் மகிழ்ந்து உடன்பட்டனர். எமக்கும் ஒரு கணம் ஆசை பிறந்ததை மறைப்பதற்கில்லை. ஆயினும், இப்பெயர் இலண்டனிலிருந்து வந்தது. 1290-இல் இறந்த அரசி எலியனாரின் உடலைக் கொண்டுசென்ற வழியில், இரவு தங்கிய இடந்தோறும் முதலாம் எட்வர்டு மன்னர் சிலுவைத் தூண் நிறுவினார். அவற்றுள் ஒன்று நின்ற ஊரே சாரிங். அத்தூண் 1647-இல் இடிக்கப்பட்டது. சாரிங் என்பதோ, திருப்பம் எனப் பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது என்பர். ஒலியொப்புமை ஒன்றே போதுமாயின், உலகில் எச்சொல்லைத்தான் தமிழாக்க இயலாது?

தமிழுறவை நாடுவோர் இந்நாற்சந்தியின் பெயரை விட்டு, ஊரின் பெயரையே நோக்குதல் தகும். 1821-இல் சென்னையில் வெளிவந்த கடிதம் ஒன்றில் இவ்வூர் ‘வொட்டோகிமண்ட்’ எனக் குறிக்கப்பெற்றது. முற்பகுதியை ஒற்றைக்கல் என்பாரும் உதகம் என்பாரும் உளர். அவ்வழக்கில் யாம் ஈண்டுப் புகவில்லை. இறுதியில் நிற்பது மந்து. இல்லங்களும் பாற்கோயிலும் எருமைத்தொழுவும் அடங்கிய தோடர் குடியிருப்பின் பெயர் அது. 1972-இல் அரசு ஏற்ற உதகமண்டலம் என்னும் வடிவில் அச்சொல் மண்டலத்துள் மறைந்து போயிற்று. மாணவர் சேரிங்குக்குச் செய்ததையே கற்றோர் மந்துக்குச் செய்துவிட்டனர் போலும்.

மந்து என்பது பிறர் வழங்கும் வடிவம்; தோடர் நாவில் அது மெல்லெழுத்தை இழந்து ஒலிக்கும். பரோவும் எமனோவும் 1961-இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி, தோடர் சொல்லைத் தமிழ் மன்று என்பதனுடன் ஒரே தொகுதியில் வைக்கின்றது. மன்று என்பது ஆனிரை கூடும் தொழு. ஊரார் கூடும் பொதுவிடம். வழிகள் கூடும் சந்தியும் அதுவே. ஒலியால் மட்டுமன்றிப் பொருளாலும் இவை ஒன்றுபடுகின்றன. 1820-களில் சல்லிவன் கல்மனை எழுப்பிய நிலமும் தோடருடைய மேய்ச்சல் நிலமே. ஆளுநர் பெயர் பொறித்த நாற்சந்திக்கு முன்பே இம்மலையில் மன்று இருந்தது.

மாணவர் தம் குறிப்பேட்டில் எழுதியதை அடித்தார். தோடர் சொல்லை அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு எழுத வேண்டுமென்று அவரே கூறியதனால், மறுநாட் காலை முத்தநாடு மந்துக்குப் புறப்பட்டோம்.